எபிசோடு 41: கையால் சுற்றும் பவுடர் டிரிக்லர், எதைப் பார்த்து வாங்கணும்?

போன மாசம் ரீலோடிங் பற்றி ஒரு எபிசோடு போட்டேன். வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாம, சுத்தம் பண்ணி, புது பிரைமர், புது பவுடர், புது குண்டு போட்டு மறுபடியும் தோட்டாவாக்குறது. அதுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: "டிரிக்லர் எது வாங்கலாம்?" ஒரு வரியில் பதில் எழுதிட்டுப் போயிருக்கலாம். ஆனா இந்தச் சின்ன சாமானை வச்சு எனக்கும் என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் போன ஜூலையில் ஒரு அனுபவம் ஆச்சு. அதைச் சொல்லாம எதை வாங்கணும்னு சொன்னா முழுசா இருக்காது.

முதல்ல சட்டம். நான் இருக்கிறது டெக்சாஸ், H1B விசாவில். சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ரீலோடிங் பண்ண அமெரிக்காவில் கூட்டாட்சி உரிமம் எதுவும் வேண்டாம்; செஞ்சு விற்கணும்னாதான் உரிமம் வேணும். ஆனா நம்மள மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது, அதுதான் பொது விதி. அதுக்குச் சில விலக்குகள் உண்டு. அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருக்கிறது அதில் ஒண்ணு. நான் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடிச்சு, அந்த லைசென்ஸ் வாங்கி வச்சிருக்கேன். டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31ஓட முடியும். புதுசு வாங்குற வரைக்கும் நான் பெரியவரோட கராஜ் பக்கம் பேச்சுக்கு மட்டும்தான் போவேன், எதையும் தொட மாட்டேன். உங்க நிலைமை வேற மாதிரி இருக்கலாம், ஒரு வக்கீலைக் கேட்டுக்கோங்க. இந்தியாவில் இருந்து கேட்கிறவங்களுக்கு: உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். உங்களுக்கு இது கேட்டுட்டுப் போற கதை மட்டும்தான்.

இன்னொண்ணு, எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு பவுடர்னு ஒரு எண்ணும் சொல்ல மாட்டேன். அதுக்கு மேனுவல் இருக்கு. நடுவில் எண் வந்தா அது கணக்குப் புரிய வைக்க மட்டும்.

சரி. பெரியவர் ரிட்டயர் ஆன மெஷினிஸ்ட். எழுபது தாண்டியவர். லேத்தில் ஆயுசு பூரா வேலை பார்த்த கை. இப்போ அந்தக் கை கொஞ்சம் நடுங்குது. அவர் ரொம்ப நாளா ரீலோடிங் பண்றார், ஆனா டிரிக்லரே வச்சுக்கிட்டது கிடையாது. ஒரு சின்னக் கரண்டியில் பவுடரை எடுத்து, தராசுத் தட்டுக்கு மேல பிடிச்சு, ஆள்காட்டி விரலால் கரண்டிக் காம்பைத் தட்டித் தட்டி விழ வைப்பார். நம்ம ஊர்ல தட்டார் குன்றிமணி போட்டுத் தங்கம் நிறுத்தது எப்படியோ, அப்படி. கை நடுங்க ஆரம்பிச்சதும் அந்த வேலை ஓடல. ஒரு தட்டுக்கு ரெண்டு மணி விழுந்த இடத்தில் பத்து மணி விழும். தட்டைக் கவிழ்த்துட்டு மறுபடி ஆரம்பிக்கணும். ஐம்பது தோட்டாவுக்கு ஒரு ராத்திரி போயிடும். அவரே ஒரு நாள், "இந்த வருஷத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்"னார். அதான் நான் ஒரு டிரிக்லர் வாங்கித் தரேன்னு கிளம்பினேன்.

டிரிக்லர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு சின்னக் கிண்ணம். அதன் அடிப்பாகத்தில் படுக்கையா ஒரு குழாய் போகும். குழாயோட ஒரு முனையில் திருகு, இன்னொரு முனை தராசுத் தட்டுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கும். கிண்ணத்துக்குள்ள இருக்கிற பகுதியில் குழாயில் ஓட்டை, அது வழியா பவுடர் உள்ளே இறங்கும். திருகைச் சுற்றினா குழாய் சுழலும், உள்ளே இருக்கிற மரை பவுடரை முன்னாடி தள்ளும், முனையில் ஒவ்வொரு மணியா விழும். அவ்வளவுதான். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. ரெட்டிங், ஆர்.சி.பி.எஸ்., ஹார்னடி, லைமன்னு இந்தத் தொழிலில் இருக்கிற பழைய கம்பெனிகள் எல்லாமே ஒண்ணு போடுறாங்க.

எல்லாத் தோட்டாவுக்கும் இது வேணுமான்னா, வேண்டாம். கைத்துப்பாக்கிக்குப் பண்றவங்க பெரும்பாலும் பவுடர் மெஷர்னு ஒரு கருவியில் கன அளவில் கொட்டிட்டுப் போயிடுவாங்க. உருண்டைப் பவுடர் அதில் தண்ணி மாதிரி ஓடும், நல்லாவே அளக்கும். ஆனா ரைஃபிளுக்குப் போடுற குச்சிப் பவுடர் இருக்கே, பென்சில் முனையை நறுக்கின மாதிரி குட்டிக் குட்டித் துண்டுகள், அது மெஷருக்குள்ள குறுக்கே மாட்டிக்கும். கைப்பிடியை இழுக்கும்போது நறுக்குனு வெட்டுற சத்தமே கேட்கும். ஒரு தடவை கொஞ்சம் அதிகம், ஒரு தடவை குறைவு. அதனால வேணும்கிற எடைக்குக் கொஞ்சம் குறைவா மெஷரில் கொட்டி, மீதியைத் தராசில் வச்சு டிரிக்லரால் நிரப்புவாங்க.

எவ்வளவு நுணுக்கம்னு ஒரு கணக்கு சொல்றேன். இந்தத் தொழிலில் எடைக்கு கிரெய்ன்னு பேர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிராமுக்கு 15.43. நம்ம 8 கிராம் பவுன் காசு சுமார் 123 கிரெய்ன். தராசு காட்டுற 0.1 கிரெய்ன் என்பது ஆறரை மில்லிகிராம். ஒரு குச்சிப் பவுடர் மணி தோராயமா 0.02 கிரெய்ன். அதாவது நாலஞ்சு மணி சேர்ந்தாதான் தராசில் கடைசி இலக்கம் ஒரு படி மாறும். 100 கஜத்தில் சுடுறவனுக்கு அந்த நாலு மணியால் ஒண்ணும் ஆகாது. 600 கஜத்தில் சுடுறவனுக்குத்தான் குண்டோட வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும்போது ஓட்டை மேலயும் கீழயுமாப் பிரியும். பெரியவர் 600 கஜக்காரர்.

இப்போ நான் பண்ண முதல் தப்பு. ஆன்லைனில் மலிவா, பிளாஸ்டிக்கில், பார்க்க அழகா இருந்த ஒண்ணை வாங்கினேன். ஸ்டார் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கிண்ணம் பெருசு, அடிப்பாகம் காலி டப்பா. காலியா இருக்கும்போது நிக்கும். பவுடர் நிரப்பினதும் தலைக்கனம் வந்துடும். பெரியவர் கை பட்ட முதல் சுற்றிலேயே சாய்ஞ்சு, பவுடர் பெஞ்சு மேலயும் தரையிலயும். கொட்டினதைப் பெருக்கி எடுத்தார், நான் அதைத் திரும்ப டப்பாவில் போடப் போனேன். கையைப் பிடிச்சு நிறுத்தினார். "தரையில் விழுந்தது இனி பவுடர் இல்ல, குப்பை." போன வருஷம் வேற ஒரு பவுடர் அதே தரையில் சிந்தி, ரெண்டு மணி மூலையில் கிடந்திருந்தா? எரியும் வேகம் வேற வேற பவுடருக்கு வேற வேற. கலந்ததைப் பார்த்தாத் தெரியாது, எல்லாமே கருப்பா, கிராஃபைட் பூசி, ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்த பிளாஸ்டிக் டிரிக்லரை அவர் தூக்கிப் போடல. மெஷினிஸ்ட் ஆச்சே. அடிப்பாகத்தைத் திறந்து, ஈயச் சில்லறை குண்டுகளை எப்பாக்சியில் குழைச்சு ஊத்தி, அடியில் ஒரு இரும்புத் தகடு வச்சுத் திருகினார். அதுக்கப்புறம் அசையல. அதனால முதல் விஷயம் இதுதான்: அடி கனமா இருக்கணும். இல்லன்னா கனமாக்குறதுக்காவது இடம் இருக்கணும். உலோகத்தில் வார்த்தது ஒண்ணு எடுத்தா இந்த வேலையே இல்லை. விலை வித்தியாசம் ரெண்டு காபிக் காசு.

இரண்டாவது உயரம். இதை யாரும் யோசிக்கிறதே இல்லை, நானும் யோசிக்கல. குழாய் முனை தராசுத் தட்டுக்கு மேல, நடுவில், கிட்டத்தில் இருக்கணும். உங்க தராசு பழைய கோல் தராசா இருந்தா தட்டு ஒரு உயரத்தில் தொங்கும். டிஜிட்டல்னா மேடை மேல வச்ச தட்டு வேற உயரம். குழாய் ரொம்ப உயரத்தில் இருந்தா மணி தட்டில் பட்டுத் துள்ளி வெளியே போகும். தாழ்வா இருந்தா குழாய் தட்டில் இடிக்கும், தராசு காட்டுறது எல்லாம் பொய். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேலை எடுத்து, உங்க தராசுத் தட்டோட விளிம்பு மேஜையிலிருந்து எத்தனை இன்ச்னு அளந்துக்கோங்க. உயரம் மாற்றிக்கிற ஸ்டாண்டு வர்ற மாடலும் உண்டு. இல்லன்னா மரக்கட்டை. பெரியவர் ஒரு பழைய டைரியை அடியில் வச்சிருக்கார்.

இனிமேதான் ஜூலை கதை. டிரிக்லர் நின்னுச்சு, உயரம் சரியாச்சு. தராசு மட்டும் என்னுது. அவரோட பழைய கோல் தராசில் கோடு பார்க்கக் கண்ணு சரியாத் தெரியலன்னு, நான்தான் ஒரு மலிவான டிஜிட்டல் தராசு கொண்டு போனேன். 0.1 கிரெய்ன் காட்டும். எண் பெருசா ஒளிரும். அவர் திருகைச் சுற்ற, எண் ஏற, ஐம்பது தோட்டா அழகா முடிஞ்சது. எனக்கு ஒரே பெருமை.

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனோம். வெயில் நூறு டிகிரி தாண்டியிருச்சு. ஏழாவது தோட்டாவுக்கு அவர் போல்ட்டைத் தூக்கினார், வரல. உள்ளங்கையால் தட்டித்தான் திறக்க வேண்டி இருந்தது. வெளியே வந்த கூட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிரைமரோட விளிம்பு வட்டமா இல்லாம, தகடு மாதிரி தட்டையாப் பரவி இருந்தது. ரெண்டுமே உள்ளே அழுத்தம் ஏறிப் போச்சுன்னு சொல்ற அடையாளம். அவர் ஒண்ணும் பேசல. துப்பாக்கியைக் காலி பண்ணி, பெட்டியை மூடிட்டு, "வீட்டுக்குப் போலாம்"னார். காரில் நாற்பது நிமிஷம், ரெண்டு பேரும் பேசிக்கல. அவர் அந்த போல்ட்டுக்குப் பின்னாடி முகத்தை வச்சிருந்தார்னு மட்டும்தான் எனக்கு ஓடிக்கிட்டே இருந்தது.

மீதி 43 தோட்டாவையும் அன்னைக்கே பிரிச்சோம். சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கு, தோட்டாவை உள்ளே மாட்டி கட்டை மேல ஓங்கி அடிச்சா குண்டும் பவுடரும் பிரிஞ்சு வரும். ஒவ்வொண்ணோட பவுடரையும் அவரோட பழைய கோல் தராசில் நிறுத்தோம். பெரும்பாலானது சரி. ஆறு தோட்டாவில் 0.3லிருந்து 0.5 கிரெய்ன் வரைக்கும் அதிகம். அவர் அளவு ஏற்கனவே மேனுவலோட மேல் எல்லைக்குக் கிட்ட. அதோட தோட்டாப் பெட்டி வெயிலில் இருந்திருக்கு, பவுடர் சூடானா அழுத்தம் இன்னும் ஏறும். ரெண்டும் சேர்ந்துடுச்சு.

எப்படி அதிகமாச்சு? இங்கதான் என் இன்ஜினியரிங் மூளை கொஞ்சம் உதவுச்சு, ஒரு வாரம் லேட்டா. மலிவான டிஜிட்டல் தராசுக்குள்ள இருக்கிறது ஒரு லோட் செல். வளையுற உலோகத் துண்டு, அதில் ஒட்டின ஸ்ட்ரெயின் கேஜ். வெப்பம் மாறினா, காத்து அடிச்சா அதோட சிக்னல் மெதுவா நகரும். எண் சும்மா ஆடிக்கிட்டே இருந்தா வாங்கினவன் திட்டுவான்னு, ஃபர்ம்வேரில் ஒரு வடிகட்டி எழுதி வச்சிருப்பாங்க: மெதுவா வர்ற சின்ன மாற்றம் எல்லாம் டிரிஃப்ட், அதைக் காட்டாதே. யோசிச்சுப் பாருங்க. டிரிக்லர் பண்றது என்ன? மெதுவா, சின்னச் சின்ன மாற்றம். நாலு மணி விழும், எண் அசையாது. இன்னும் நாலு, அசையாது. நாம பவுடர் விழலன்னு நினைச்சு இன்னும் சுற்றுவோம். திடீர்னு ஒரு தாவு. சில நேரம் அந்தத் தாவும் முழுசா வராது, தின்னது தின்னதுதான். நானே வேலையில் சென்சார் டேட்டாவுக்கு இதே மாதிரி டெட்பேண்ட் எழுதியிருக்கேன். இருந்தும் தோணல.

வழி சுலபம். கடைசி எண் வந்ததும் தட்டைத் தூக்கி, மறுபடி வைங்க. தட்டை எடுக்கிறது பெரிய மாற்றம், வடிகட்டி விலகிக்கும், உண்மையான எடை வரும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இப்படி. நேரம் ஆகும், ஆகட்டும். கோல் தராசில் இந்தப் பிரச்சினையே கிடையாது; கத்தி முனையில் உட்கார்ந்த கோலுக்கு ஃபர்ம்வேர் இல்லை. காசு செலவு பண்ணத் தயார்னா மின்காந்த விசையில் சமன் பண்ற ஆய்வுக்கூடத் தராசுகள் இருக்கு, ஒரு மணி விழுந்தாலும் காட்டும். ஆனா அது டிரிக்லர் விலையை மாதிரி பல மடங்கு.

இன்னொரு பழக்கமும் அதிலிருந்து வந்தது. தராசோட வந்த சரிபார்ப்பு எடை 20 கிராம், அதாவது 308 கிரெய்னுக்கு மேல. நாம நிறுக்கிறது நாற்பது சொச்சம். 308ல் சரியா இருந்தா 40லயும் சரின்னு அர்த்தம் இல்லை. சின்ன எடைக்கற்கள் செட் ஒண்ணு வாங்கினேன். 2 கிராம், அரை கிராம், 200 மில்லிகிராம் மூணும் சேர்த்தா 2.7 கிராம், 41.67 கிரெய்ன். நாம வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்துலயே. பத்துத் தோட்டாவுக்கு ஒரு தடவை அதை வச்சுப் பார்க்கிறோம்.

சரி, டிரிக்லருக்குத் திரும்பி வர்றேன். குழாயும் திருகும். உருண்டைப் பவுடர் பயன்படுத்துறவங்க கவனிங்க, அது சுற்றாமலேயே வழிஞ்சு வரும். டிரிக்லரோட முன்பக்கத்துக்கு அடியில் ஒரு அட்டையைச் செருகி முனையைக் கொஞ்சம் மேல தூக்கினா அடங்கும். குச்சிப் பவுடருக்கு நேர் எதிர்: வரவே வராது, வந்தா மூணு நாலு சேர்ந்து விழும். குழாய் நிரம்புற வரைக்கும் சும்மா ஒரு பாத்திரத்தில் சுற்றி விட்டுட்டு அப்புறம் ஆரம்பிக்கணும். திருகு பெருசா இருக்கிறது நல்லது. பெரிய திருகில் விரல் ஒரு இன்ச் நகர்ந்தாலும் குழாய் கொஞ்சம்தான் சுழலும். நடுங்குற கைக்கு இது ரொம்ப முக்கியம்னு கடையில் யாரும் சொல்லல. பெரியவர் அந்தச் சின்னத் திருகுக்கு மேல தானே லேத்தில் ஒரு அலுமினிய வளையம் கடைஞ்சு மாட்டிக்கிட்டார். விளிம்பில் சொரசொரப்பு வேற.

அப்புறம் நிலை மின்சாரம். பிளாஸ்டிக் கிண்ணத்தில், காத்து வறண்ட நாளில், மணிகள் சுவரில் ஒட்டிக்கிட்டுத் தொங்கும். துணி உலர்த்தும் மெஷினில் போடுற டிரையர் ஷீட்டால் துடைச்சா அடங்குது. பிளாஸ்டிக்குக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. நைட்ரோகிளிசரின் கலந்த பவுடரை நாள்கணக்கில் உள்ளே விட்டா பிளாஸ்டிக்கையே அரிச்சு மங்கலாக்கிடும்.

ஆனா என் கணக்கில் எல்லாத்தையும் விட முக்கியம், முழுசா காலி பண்ண முடியுமாங்கிறது. கிண்ணத்தைக் கவிழ்த்தா கிண்ணம் காலி. குழாய்க்குள்ள இருபது முப்பது மணி ஒளிஞ்சிருக்கும். அடுத்த வாரம் வேற பவுடர் போட்டா அந்த முப்பது மணிதான் முதல் தோட்டாவில் விழும். குழாயை அப்படியே உருவி எடுக்க முடியுற மாடலாப் பார்த்து வாங்குங்க. வேலை முடிஞ்ச ராத்திரியே உருவி, ஊதி, பவுடரை அதோட சொந்த டப்பாவுக்கு அனுப்பிடணும். பெஞ்சு மேல எப்பவும் ஒரே ஒரு பவுடர் டப்பா. பெரியவர் அந்த டப்பாவோட மூடியை டிரிக்லருக்குப் பக்கத்துலயே வைப்பார், உள்ளே என்ன இருக்குன்னு சந்தேகமே வரக்கூடாதுன்னு.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வரும். அவர் அரவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நீலகிரியில், 1903லிருந்து இருக்கு அந்தத் தொழிற்சாலை. கார்டைட்டும் இதே புகையில்லாப் பவுடர் குடும்பம்தான். தாத்தா வீட்டில் அதை "மருந்து"ன்னுதான் சொல்வார், பவுடர்னு சொன்னதே இல்ல. ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழிச்சும் வெளியே கிளம்பும்போது சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார், தீப்பெட்டி இருக்கான்னு. பீடி கூடக் குடிக்காத மனுஷன். எங்க அம்மாகிட்ட போனில் "பவுடர் வாங்கப் போனேன்"னு சொன்னப்போ, "அங்க என்னடா பாண்ட்ஸ் கிடைக்கலையா?"ன்னாங்க. மருந்துன்னு சொல்லியிருந்தா உடனே புரிஞ்சிருக்கும், பயந்தும் இருப்பாங்க.

தானா நிரப்புற எலக்ட்ரானிக் டிஸ்பென்சர் வாங்கலாமேன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். வாங்கலாம். மாசம் ஐந்நூறு தோட்டா போடுறவங்களுக்கு அதுதான் சரி. மாசம் ஐம்பதுக்குக் கைச்சுற்றுப் போதும்னு நான் நினைக்கிறேன். நாற்பது டாலருக்குள்ள முடிஞ்சிடும். பெரியவரிடம் மோட்டார் வச்சது வாங்கித் தரட்டுமான்னு ஒரு தடவை கேட்டேன். "அப்புறம் நான் எதுக்கு?"ன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஐம்பது போட்டோம், இந்தத் தடவை அளவையும் கீழே இறக்கி. அவர் சுற்றினார், நான் தட்டைத் தூக்கித் தூக்கி வச்சு எண்ணைச் சத்தமா வாசிச்சேன். செப்டம்பர் முதல் வாரம் அவர் மட்டும் ரேஞ்சுக்குப் போனார், எனக்குப் புது லைசென்ஸ் இன்னும் எடுக்கல. சாயந்தரம் போனில் ஒரு போட்டோ அனுப்பினார். டார்கெட் இல்லை, சுட்ட கூடுகளோட பின்பக்கம். ஐம்பது பிரைமரும் வரிசையா, விளிம்பு எல்லாம் வட்டமா.

அடுத்த எபிசோடில் பித்தளைக் கூட்டை எத்தனை தடவை திரும்பப் பயன்படுத்தலாம், கழுத்துப் பக்கம் விரிசல் எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பேசலாம். கோல் தராசில் கோடு தெரியாதவங்களுக்கு ஃபோன் கேமரா வச்சு ஏதாவது பண்ண முடியுமான்னு ஒரு நண்பர் கேட்டிருக்கார், அதையும் முயற்சி பண்ணிட்டு வர்றேன்.